சாணளவு மீனில் சினை: திருகோணமலைக் கரையோரச் சங்கம் ஒன்றின் கலவாய் நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றியது

திருகோணமலை நகருக்கு வடக்கே உள்ள ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், தன் பார்களில் (கடலடிப் பாறை, பவளத் திட்டுகளில்) பிடிபடும் கலவாய் மீன் சிறுத்து வருவதையும், முன்பு சினையே வைக்காத அளவுள்ள மீனில் இப்போது சினை இருப்பதையும் கண்டது. அளந்து பார்த்தது. பிறகு தனக்குத் தானே சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டது. முதல் சந்தேகத்திலிருந்து மூன்றாம் பருவத்தின் முடிவு வரை நடந்தவற்றை இந்தப் பதிவு வரிசைப்படி சொல்கிறது. ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் தரப்படவில்லை. பார்களின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. பெரிய மீன் நிற்கும் இடத்தை எழுதிவைத்தால் அங்கே முதலில் போய்ச் சேர்வது ஈட்டிதான்.

## பின்னணி

கலவாய் பதுங்கிப் பிடிக்கும் வேட்டைமீன். பாரின் பொந்தில் அசையாமல் கிடந்து, எதிரே வரும் சிறுமீனையும் நண்டையும் கணவாயையும் வாயை விரித்து உறிஞ்சி விழுங்கும். இருக்கும் பாரை விட்டு அதிகம் அலையாது. அதனால் ஒரு பாரில் அளவுக்கு மீறிப் பிடித்தால் அந்தப் பாரிலேயே அது தெரிந்துவிடும். பெரும்பாலான கலவாய் இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, நன்கு வளர்ந்த பிறகே ஆணாக மாறுகின்றன என்பது இங்கே இன்னும் முக்கியம். இந்த ஆய்வின் நடுவில் நிற்கும் செம்மஞ்சள் புள்ளிக் கலவாய் 120 செ.மீ வரை வளரக்கூடியது. பெரும்பாலும் 55 முதல் 75 செ.மீ அளவில்தான் ஆணாகிறது. ஆகவே பெரியதைத் தேடிப் பிடிக்கும் தொழில், ஆண்களைத் தேடிப் பிடிக்கும் தொழிலாகவும் ஆகிவிடுகிறது. மெக்சிகோ வளைகுடாவில் கலவாய்க் குடும்பத்து இனம் ஒன்றில் 1970களில் சுமார் 17 சதவீதமாக இருந்த ஆண்களின் பங்கு, 1990களில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது இதனால்தான்.

திருகோணமலைக் கடலில் மீன்பிடியின் அழுத்தம் ஒரே சீராக ஏறவில்லை. போர்க்காலத்தில் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் இருந்தன. கடலுக்குப் போகும் நேரமும் தூரமும் சுருங்கின. அந்தக் கெடுபிடி மனிதரை வாட்டியது, மீனுக்கு ஓய்வு கொடுத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை படகுகளை அள்ளிச் சென்றது. பின்னர் வந்த உதவிகளில் கண்ணாடி நார்ப் படகுகளும் வெளியிணைப்பு இயந்திரங்களும் நிறைய வந்து சேர்ந்தன. 2009இல் போர் முடிந்ததும் கடல் திறந்தது. வருடந்தோறும் மார்ச் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையிலிருந்து படகுகள் கிழக்குக்கு இடம்பெயர்ந்து வரும் வழக்கமும் மீண்டது. இந்தச் சங்கத்தின் கரைக்கு ஐஸ் பெட்டியோடு கொள்வனவாளர் வந்தது அதற்குப் பிறகுதான். அதுவரை கலவாய் கறிக்கும் தலைச் சொதிக்கும் போகும் மீன். அவர் வந்தபின் அது கிலோ விலைப் பட்டியலில் தனி வரி பெற்றது.

## முதலில் கண்டவர்

சிறுத்துப் போனதைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சினையைக் கவனித்தவர், சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் ஒரு தாய். ஊரில் விலங்கியல் படித்து ஆசிரியராக இருந்த பெண் மீன் வாங்க வந்தபோது, வெட்டிய வயிற்றைத் திறந்து காட்டினார்:

“இங்க பார் பிள்ளை, ஒரு சாணும் நாலு விரலுமிருக்கிற மீனுக்குள்ள சினை கிடக்கு. முந்தி ஒரு முழத்துக்கு மேல போனாத்தான் காணலாம். இப்ப குஞ்சே தாயாகுது.”

ஒரு முழம் என்பது ஏறத்தாழ 45 செ.மீ, ஒரு சாணும் நாலு விரலும் ஏறத்தாழ 30 செ.மீ. இந்தக் கூற்றைத்தான் ஆசிரியை சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆயிரம் மீன் வயிற்றைத் திறந்தவரின் நினைவு சாட்சியாகும், ஆனால் அளவாகாது. அதை அளவாக்க வேண்டும் என்று சங்கத் தலைவரும் கடற்றொழில் பரிசோதகரும் ஒப்புக்கொண்டனர்.

## அளந்த முறை

அளவுப் பலகை ஒன்று செய்தார்கள். ஒரு மீட்டர் நீளப் பலகை, ஒரு முனையில் செங்குத்தாக அடித்த தடைக்கட்டை, நடுவே தைத்த தையல்காரர் நாடாவுக்குப் பதில் இரும்பு அடிக்கோல். துணி நாடா நனைந்தால் இழுபடும் என்பதால் இந்த மாற்றம். மீனின் வாயை மூடி, மூக்கைக் கட்டையில் முட்டவைத்து, வாலின் கடைசி நுனிவரை அளக்க வேண்டும். அறக்குளா, பாரை போன்ற கவர்வால் மீன்களை வால்கவட்டின் உள்மடிப்பு வரை அளப்பது வழக்கம். கலவாய்க்கு வால் வட்டமாதலால் முழு நீளமே அளவு. வால் கிழிந்த மீனை நீளக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் வாரங்களிலேயே இரண்டு தடங்கல்கள் வெளிப்பட்டன. இரண்டும் வேறு எந்தக் கரையிலும் வரக்கூடியவை.

ஒன்று, இனக் கலப்பு. கரையில் ‘கலவாய்’ என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கும். சிவப்பு உடம்புள்ள சிறு கலவாய் 60 செ.மீ கூட எட்டாது. வால் ஓரம் வெள்ளைக் கோடிட்ட மற்றொன்று 50 செ.மீக்குள் நின்றுவிடும். பெரிய இனங்கள் தீர்ந்து இந்தச் சிறியவை கூடியிருந்தால், ஒரு மீனும் உருமாறாமலே சராசரி நீளம் சரியும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் துறையில் உல்லாசத் தூண்டிலாளர்கள் பிடித்த மீன்களின் படங்களை வைத்து நடந்த ஆய்வில், 1956இல் சராசரி 19.9 கிலோவாக இருந்த மீன் 2007இல் 2.3 கிலோவாகியிருந்தது. அங்கே பெரும் பகுதி மாற்றம் பெரிய கலவாய்களும் சுறாக்களும் போய்ச் சிறு இனங்கள் வந்ததால் ஏற்பட்டது. எனவே இந்தக் குழு செம்மஞ்சள் புள்ளிக் கலவாயை மட்டும் தனியே எழுதத் தொடங்கியது. அதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க இன்னொரு பெரிய கலவாயின் புள்ளிகள் சிறியவை, கருமை கலந்தவை, இடையிடையே வெள்ளைத் திட்டுகளும் இருக்கும். சந்தேகம் வந்தால் கைப்பேசியில் பக்கவாட்டில் ஒரு படம். உயிர் போய் நேரமானால் நிறம் வெளிறி வேறுபாடு மறைந்துவிடும். படத்தைப் படகிலேயே எடுக்கச் சொன்னது அதனால்.

மற்றது, பொறுக்கி எடுத்த மீன். வாடியில், அதாவது கரையோர மீன் கொட்டகையில், குவிந்து கிடப்பதை அளந்தால் தவறான விடைதான் வரும். கொள்வனவாளர் ஒன்று முதல் மூன்று கிலோ மீனைக் கரையிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுவார். மீதிதான் வாடிக்கு வரும். அளவு எடுக்கும் இடத்தைப் படகு தரைதட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். கூடவே எந்த முறையில் பிடித்தது என்பதையும் எழுதவைத்தார்கள்: கைத்தூண்டிலா, மீன் பிடிக்கும் கூடா, வலையா, ஈட்டியா. பவளப் பார் மீதும் பாறை மீதும் செவுள்வலை விரிப்பது சட்டப்படி தடை, தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையும் அப்படியே. ஆகவே ‘வலை’ என்று சொல்ல முதலில் ஒருவரும் முன்வரவில்லை. பெயர் எழுதாத தாளில் முறையை மட்டும் எழுதச் சொன்னபின் வந்தது.

முறையைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கருவியும் வேறு அளவைப் பொறுக்குகிறது. செவுள்வலையின் கண்ணுக்குள் தலை நுழைந்து, நடுவுடம்பு சிக்கும் பருமனுள்ள மீனே மாட்டும். சிறியது ஊடே போகும், மிகப் பெரியது முட்டித் திரும்பும். தூண்டிலில் வாய் பெரியதும் பசி முந்தியதும் துணிந்ததும் முதலில் கடிக்கும். ஈட்டிக்காரன் கண்ணால் தேர்கிறான். அவன் கண் எப்போதும் பெரியதன் மேல்தான். இரவில் விளக்கோடு இறங்குபவனுக்குப் பொந்தில் உறங்கும் பெரிய கலவாய் அசையக்கூட அசையாது.

## பழைய அளவைத் தேடியது

இன்றைய மீனை அளந்தால் போதாது, முந்தைய மீனின் அளவும் வேண்டும். அப்படி ஒரு பதிவேடு எங்கும் இல்லை. வீடுகளிலிருந்த பழைய படங்களைக் கேட்டார்கள். இடப்பெயர்வில் படப்பெட்டியை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்களே அதிகம். சில படங்கள் கிடைத்தன. படத்தில் மீனோடு அளவு தெரிந்த ஏதாவது ஒன்று, எண்ணெய்ப் போத்தலோ படகின் குறுக்குச் சட்டமோ, அதே தூரத்தில் இருந்தால் மட்டுமே நீளத்தைக் கணக்கிட்டார்கள். கையை நீட்டி மீனைத் தூக்கிப் பிடித்த படங்கள் நீக்கப்பட்டன. கமராவின் கண்ணாடிக்கு அருகே வந்த மீன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பெரிய மீனைத்தான் மனிதர் படம் எடுப்பார்கள் என்ற சாய்வு அதற்கும் மேலே நிற்கிறது. ஆகவே இந்தப் படங்களிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: அக்காலத்தில் ஒரு மீட்டர் நெருங்கும் கலவாய் இதே பார்களில் இருந்தது. முதல் பருவ அளவுப் பதிவில் அப்படி ஒன்றுகூட இல்லை.

## மூன்று விளக்கங்கள்

முதல் பருவத் தாள்கள் சேர்ந்தபோது மீன் வெட்டும் தாயின் சொல் நின்றது. 32, 34 செ.மீ மீன்களில் முற்றிய சினை கண்டு எழுதியிருந்தார்கள். இதற்கு மூன்று விளக்கங்கள் இருக்கலாம் என்று ஆசிரியை கூட்டத்தில் பலகையில் எழுதினார். இந்த ஆய்வின் மிகப் பயனுள்ள பகுதி அதுவே.

முதல் விளக்கம், வெறும் வயதுக் குறைப்பு. வளர விடாமல் பிடிப்பதால் மூத்தவை இல்லை. இருப்பவை இளையவை, இளையவை சிறியவை. மீனின் குணம் மாறவில்லை. பிடிப்பதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் பெரிய மீன் திரும்பும்.

இரண்டாவது, சூழலுக்கு வளைந்துகொடுத்தல். கூட்டம் குறைந்தால் இரை மிஞ்சும், மீன் வேகமாக வளரும், இளவயதிலேயே சினை வைக்கும். ஆண் மீன்கள் போய்விட்டால் வழக்கத்தைவிடச் சிறிய பெண்ணே ஆணாக மாறவும் கூடும். இதுவும் ஓரளவு விரைவில் திரும்பக்கூடியதே.

மூன்றாவதுதான் அஞ்சத்தக்கது. பெரிதாக வளர்ந்து தாமதமாகச் சினை வைக்கும் இயல்புள்ள மீன், சினை வைக்கும் முன்பே பிடிபடுகிறது. சிறிதாக இருக்கும்போதே சினை வைக்கும் மீன், பிடிபடும் முன் ஒரு முறையாவது முட்டையிட்டுவிடுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை இரண்டாவதின் வித்தே பாரில் மிஞ்சும். மீன்பிடி அப்போது மீனின் உருவத்தையே தேர்ந்தெடுக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன்பிடியை 1992இல் மூட நேர்ந்தது. அந்த வீழ்ச்சிக்கு முந்திய ஆண்டுகளிலேயே அந்த மீன் மேலும் இளவயதில், மேலும் சிறிய அளவில் முதிரத் தொடங்கியிருந்தது பின்னால் தெரியவந்தது. அமெரிக்காவில் வெள்ளிக் கோட்டு மீன் என்று சொல்லத்தக்க ஒரு சிறுமீனைத் தொட்டியில் வளர்த்து, தலைமுறைதோறும் 90 சதவீதத்தை அகற்றிப் பார்த்தார்கள். சில தொட்டிகளில் பெரியவற்றை, சிலவற்றில் சிறியவற்றை. 2002இல் வெளியான முடிவின்படி, நான்கே தலைமுறையில் சிறியவற்றை அகற்றிய தொட்டி மீன் மற்றதைவிட ஏறத்தாழ இரு மடங்கு எடைக்குப் போனது. பெரியவற்றை அகற்றுவதை நிறுத்திய பிறகும் மீட்சி மெதுவாகவே வந்தது. முழுமையாகத் திரும்ப 12 தலைமுறை வரை ஆகலாம் என்று அதே குழு 2009இல் கணித்தது. அதே ஆண்டு, மனிதர் பிடிக்கும் உயிரினங்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டிய இன்னொரு ஆய்வு, உடலளவு சார்ந்த பண்புகள் சராசரியாகச் சுமார் 18 சதவீதம் சரிந்ததைக் காட்டியது. இயற்கையாக நிகழும் மாற்றங்களின் வேகத்தை அது 300 சதவீதத்துக்கும் மேல் மிஞ்சியிருந்தது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரை மிகுந்து வேகமாக வளர்ந்த மீன் இளவயதில் முதிரும், ஆனால் அந்த வயதுக்குப் பெரிய உடம்போடு முதிரும். இளவயதில், சிறிய உடம்போடும் முதிர்ந்தால் இயல்பே மாறியிருக்கிறது என்ற ஐயம் வலுக்கும். இதைச் சொல்ல நீளம் மட்டும் போதாது, வயது தெரிய வேண்டும்.

## செவிக்கல்

மீனின் வயது அதன் செவிக்கல்லில், அதாவது உள்காதிலுள்ள சிறு கல்லில், வளையமாக எழுதப்பட்டிருக்கிறது. வழக்கமாகத் தலையின் மேலே வெட்டி எடுப்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. கலவாயின் தலைக்குத் தனி விலை, பிளந்த தலையை எவரும் வாங்கமாட்டார்கள். ஆகவே செவுள் வழியாக எடுத்தார்கள். செவுள் மூடியைத் தூக்கி, செவுள் வளைவுகளை மேல்முனையில் அறுத்து விலக்கி, மண்டையோட்டின் அடிப்புறத்தைச் சுரண்டினால் இருபுறமும் எலும்புப் புடைப்பு தெரியும். கத்தி நுனியால் அதைத் திறந்து, இடுக்கியால் பெரிய கல்லை எடுக்க வேண்டும். அழுத்தினால் கல் உடையும். முதலில் நிறைய உடைந்தது. மீன் வெட்டும் பெண்கள் இருவர் கைக்கு அது பழகியபின் உடைவது நின்றது. எடுத்த கல்லை நன்னீரில் கழுவி, சவ்வை உரித்து, நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். உறையின் மேல் பென்சிலால் தேதி, நீளம், எடை, பாலினம், பிடித்த முறை, பாரின் குறியெண். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

படிப்பது கடினமான வேலை. வெப்பக் கடலில் குளிர்காலம் இல்லாததால் வளையம் மங்கல். கல்லைப் பிசினில் பதித்து, வைர வாளால் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இதற்கு இடம் கிடைத்தது. இருவர் தனித்தனியே எண்ணி, எண்ணிக்கை ஒத்துவந்த கற்களை மட்டும் கணக்கில் கொண்டார்கள்.

சினையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. முட்டை இன்னும் உருவாகாத இளம் பெண்ணும், முட்டையிட்டு ஓய்ந்திருக்கும் பெண்ணும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆணாக மாறிக்கொண்டிருப்பதையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே மணி மணியாக முட்டை தெரிந்ததை மட்டும் ‘சினை உண்டு’ என்று எழுதினார்கள். இதனால் எண்ணிக்கை உள்ளதைவிடக் குறையும், ஆனால் பொய்யாக மிகாது.

கற்கள் சொன்னது இது: சினை வைத்த சிறு மீன்களில் சில வயதானவை, மெதுவாக வளர்ந்தவை. பெரும்பாலானவை உண்மையிலேயே இளையவை. அதாவது முதல் விளக்கம் மட்டும் போதாது. ஆனால் போருக்கு முந்திய கல் ஒன்றுகூட ஒப்பிடக் கிடைக்காததால், இயல்பே மாறிவிட்டது என்று குழு அறிவிக்கவில்லை. ‘ஐயத்துக்கு இடமுண்டு’ என்றே குறிப்பேட்டில் எழுதியது. அந்த நிதானம் சரியானது.

## எடுத்த முடிவும் அதன் காரணமும்

சங்கத்தில் முதலில் எழுந்த யோசனை குறைந்தபட்ச அளவு: 40 செ.மீக்குக் கீழே பிடிக்கக் கூடாது. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆசிரியை அதை மறுக்கவில்லை, அது மட்டும் போதாது என்றார். சிறியதை விட்டுப் பெரியதை மட்டும் பிடித்தால், அந்தக் கோட்டுக்குக் கீழே சினை வைக்கும் மீனுக்கே லாபம். சிறுக்கவைத்த அழுத்தத்தையே சட்டமாக்கியதாகும். மேலும் தாய்மீன் பெருக்கப் பெருக்க முட்டை அந்த அளவுக்கு மட்டும் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடும். பெரிய ஒரு தாய், அதே எடைக்குச் சமமான பல சிறு தாய்களைவிட அதிக முட்டையிடும்.

அப்போது பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த படகு உரிமையாளர் ஒருவர் எழுந்தார். கரையில் எல்லோரும் அவரை நானா என்றே அழைப்பார்கள். “நடுவுல உள்ளத மட்டும் பிடிப்பம். வாங்குறவரும் நடு மீனுக்குத்தானே கூட விலை குடுக்கிறார். அஞ்சு கிலோவுக்கு மேல கிலோக் கணக்குல குறைச்சுத்தானே தாறார். பெரிச விட்டா எங்களுக்கு என்ன பெரிய நட்டம்?” கூட்டத்தின் போக்கை மாற்றியது இந்தக் கணக்கு.

முடிவுகள்:

40 செ.மீக்குக் கீழும் 65 செ.மீக்கு மேலும் உள்ள செம்மஞ்சள் புள்ளிக் கலவாயை விட்டுவிட வேண்டும். 65 என்ற கோடு, ஆணாகும் அளவின் நடுப்பகுதியில் விழுகிறது. அதற்கு மேலே போடச் சிலர் கேட்டார்கள், போட்டிருந்தால் ஆண் மீன் மிஞ்சாது.

படகின் உட்பக்க விளிம்பில், குறுக்குச் சட்டத்திலிருந்து 40, 65 செ.மீ தூரங்களில் சிவப்பு வண்ணக் கோடு. கடலில் அளவுப் பலகை தேட நேரமில்லை.

கலவாய்க்கு இரவில் ஈட்டி இல்லை. ஈட்டி குத்திய மீனை அளந்து பார்த்துக் கடலில் திரும்ப விட முடியாது. இந்தக் காரணத்தைச் சொன்னதும் சுழியோடிகள் ஒப்புக்கொண்டார்கள், ‘அழிக்கிறீர்கள்’ என்று முன்பு சொன்னபோது ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு பாரை முழுமையாக மூடுவது. எந்தத் தூண்டிலும் கூடும் அங்கே இறங்காது.

முட்டையிடும் காலத்தில் முழுத் தடை என்ற யோசனை கைவிடப்பட்டது. எந்த மாதம் என்பதில் தாள்கள் தெளிவாக இல்லை, வாடைக்காற்றுக் காலத்தில் படகுகள் போகாததால் அந்த மாதங்களில் அளவே இல்லை.

## நடந்தவை

முதல் சிக்கல் விட்ட மீனில் வந்தது. ஆழப் பாரிலிருந்து இழுத்த பெரிய கலவாயைக் கடலில் விட்டால், அது கீழே போகாமல் வயிறு மேலே தெரிய மிதந்தது. காரணம் காற்றுப்பை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைவிட நான்கு மடங்கு. மேலே வரும்போது பையிலுள்ள காற்று நான்கு மடங்கு விரியும். வயிறு ஊதி, கண் பிதுங்கி, இரைப்பை வாய் வழியாக வெளியே தள்ளும். அந்தப் பிதுங்கலைக் காற்றுப்பை என்று எண்ணிச் சிலர் கம்பியால் குத்தினார்கள். குத்தியது இரைப்பையை. அப்படிக் குத்திய மீன் போய்ச் சேர்ந்தாலும் பிழைப்பது அரிது. ‘விடுவதாகச் சொல்லிக் கொல்கிறோம்’ என்று ஒரு சம்மாட்டி (படகு, வலை உரிமையாளர்) சொன்னது அந்த நேரத்தில் சரியான குற்றச்சாட்டு.

தீர்வு எளியது. முள்ளின் எதிர்நாக்கை அரத்தால் தேய்த்து நீக்கிய பெரிய தூண்டில் ஒன்று. அதன் காதில் ஒன்றரைக் கிலோ ஈயம், வளைவில் கட்டிய கயிறு; இதனால் தூண்டில் தலைகீழாகத் தொங்கும். மீனின் கீழ்த்தாடைச் சவ்வில் முள்ளை மாட்டி, தலை கீழாக ஆழத்துக்கு இறக்க வேண்டும். இறங்க இறங்க அழுத்தம் காற்றை மீண்டும் சுருக்கும். அடியை எட்டியதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் நாக்கில்லாத முள் கழன்றுவிடும். மீன் தட்டில் கிடக்கும் நேரம் கூடக்கூடப் பலன் குறையும், ஆகவே தூண்டிலை இழுக்கத் தொடங்கும்போதே இறக்குகயிறு தயாராக இருக்க வேண்டும். நீரோட்டம் வலுத்த நாளில் ஈயத்தைக் கூட்டாவிட்டால் மீன் சரிந்து நடுநீரிலேயே நிற்கும். அங்கே சீலாவும் பாரையும் காத்திருக்கும்.

அடுத்த சிக்கல் கட்டுப்பாட்டில் சேராதவர்கள். பருவகாலத்தில் மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடே தெரியாது. பரிசோதகர் மூலம் பேசி, இறங்குதுறையில் தமிழிலும் சிங்களத்திலும் அளவுக் கோட்டோடு பலகை வைத்தார்கள். சிலர் மதித்தார்கள். மூடிய பாரில் இரவில் விளக்கு தெரிந்ததாகப் பல முறை தகவல் வந்தது. வெடிவைத்த தடயமும் ஒரு முறை கிடைத்தது. வெடி விழுந்த இடத்தில் அளவுக் கோட்டுக்கு அர்த்தமில்லை. சிறிது பெரிது பாராமல் பாரோடு எல்லாம் போகும். அதைத் தடுப்பது சங்கத்தின் கையை மீறியது, சட்டத்தின் வேலை.

மூன்றாம் பருவத்தில் மூடிய பாரில் இறங்கிய சுழியோடிகள், 65 செ.மீக்கு மேற்பட்ட கலவாயை முன்பைவிட அடிக்கடி கண்டதாகச் சொன்னார்கள். நீருக்கடியில் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவே தெரியும். ஆகவே நீளம் குறித்த ஒரு குச்சியைக் கொண்டுபோய் ஒப்பிடச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தும் பெரியவை கூடியிருந்தன. திறந்த பார்களில் 40க்கும் 65க்கும் இடைப்பட்டவை சற்றுக் கூடின, விற்பனைக்கு இது உதவியது. ஆனால் சினை வைத்த மிகச் சிறிய மீனின் அளவு அப்படியே நின்றது. மூன்றாவது விளக்கம் சரியானால் இது எதிர்பார்க்க வேண்டியதே. இந்த மீனின் ஒரு தலைமுறைக்கே சில ஆண்டுகள் ஆகும். மூன்று பருவத்தில் இயல்பு திரும்பினால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

சங்கத்தில் சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ‘பெரிய மீன் வந்துவிட்டது, கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம்’ என்ற பேச்சு எழுந்தது. பாருக்கு வந்த பெரிய மீன் கொஞ்ச காலம் பிடிபடாமல் தப்பிய மீன், இயல்பு மீண்ட மீன் என்று சொல்ல ஆதாரமில்லை. தளர்த்தினால் முதல் மாதத்திலேயே அவை தீரும். வாக்கெடுப்பில் கட்டுப்பாடு நீடித்தது, பெரும்பான்மை சிறியது.

## அடுத்து மாறுபவை

மூடிய பாருக்கும் திறந்த பாருக்கும் முதல் நாளிலிருந்தே தனித்தனி அளவு வேண்டும். இங்கே மூடிய பாரின் பழைய அளவு மற்றவற்றோடு கலந்திருந்ததால் ஒப்பீடு பலவீனமானது.

இறக்குகயிறு அளவுக் கோட்டோடு சேர்ந்தே தொடங்கியிருக்க வேண்டும். ஆழம் 20 மீட்டரைத் தாண்டும் எந்தப் பாரிலும் மேல் அளவு வரம்பை அது இல்லாமல் அறிவிக்கக் கூடாது.

வாடைக்காற்று மாதங்களின் வெற்றிடத்தை நிரப்ப, குடாவின் உட்புறம் அமைதியான நாட்களில் தொழில் செய்யும் கிண்ணியா, மூதூர்ப் பக்கப் படகுகளோடு பேச்சு தொடங்கியுள்ளது. அவர்களின் அளவும் சேர்ந்தால் முட்டையிடும் மாதம் துலங்கும், கைவிட்ட காலத் தடையை மீண்டும் பேசலாம்.

அறக்குளாவுக்கும் இதே பலகையில் அளவு தொடங்க வேண்டும் என்பது மீன் வெட்டுபவர்களின் கோரிக்கை. அது வேறு வகை வேட்டைமீன். பாரில் தங்காது, நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வழிச்சல் வலையில் படும், ஒரு சங்கம் மூடிய பாரால் அதைக் காக்க முடியாது. அளவு எடுப்பதில் தடையில்லை என்று ஏற்கப்பட்டது.

செவிக்கல் உறைகள் எல்லாம் படித்து முடித்த பிறகும் எறியப்படவில்லை. சங்க அலுவலகத்தின் இரும்பு அலுமாரியில், ஈரம் உறிஞ்சும் பொடியோடு மூடிய பெட்டியில் இருக்கின்றன. ஒரு பிரதி பட்டியல் ஆய்வுகூடத்தில். ஒவ்வொரு பருவமும் 40 செ.மீ முதல் 65 செ.மீ வரை ஐந்து செ.மீ வகுப்பு ஒன்றுக்கு இத்தனை கல் என்று ஒதுக்கி எடுப்பது அடுத்த ஆண்டிலிருந்து நடைமுறை. 40க்குக் கீழே விட்டுவிடுவதால் அந்த வகுப்புகளுக்குக் கல் கிடைக்காது. அவற்றுக்காகப் பரிசோதகரின் அனுமதியோடு பருவத்துக்குச் சிறு எண்ணிக்கையிலான மீனைப் பிடிக்க விண்ணப்பம் போயிருக்கிறது.